அந்தக் கதவு சீக்கிரம் திறக்கக் கூடாது

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதற்கு அடுத்த வரி இங்கே நாங்கள் சுகம் என்று வர வேண்டும். அந்த வரியை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேற்று மருந்துக் கடை வாசலில் நின்று உனக்குப் போன் போட்டேன். நீ அப்பா என்று எடுத்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் வயசானா இப்படித்தான் என்று சிரித்துவிட்டு வைத்தாய். அதனால்தான் எழுதுகிறேன். மாடிப்படிக்கு அடியில் துணி துவைக்கிற மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் ரிப்பேர் பார்க்கிறேன் என்று உங்கம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நல்லா ஓடற மெஷின எதுக்குப் பிரிச்சீங்க என்று ஒரு தடவை வந்து திட்டிவிட்டும் போனாள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டு என் போனில் அழித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னிடம் பேசுவாள். அதற்கு முன்னால் நீ இதைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே. உன் அவசர புத்தி எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான்.

விஷயம் அம்மாவைப் பற்றி. பயப்படாதே என்று எழுதினால் நீ இன்னும் அதிகமாகப் பயப்படுவாய், அதனால் எழுதவில்லை. அவள் வேலை செய்கிற தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பார்கள் இல்லையா, இந்தத் தடவை நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால், அண்டா முன்னாடி நின்னு மிளகாய் வதக்கறவ இருமாம பின்ன பஸ்ஸு ஓட்டின உங்கள மாதிரி ஹாரனா அடிப்பா என்பாள். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசியை விட்டு எடுத்துப் பார்த்ததில் அது புற்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். கோலிக்குண்டு அளவுதான், அது மட்டும் என்றால் அறுத்து எடுத்துவிடலாம், ஆள் திடமாகத்தான் இருக்கிறாள் என்றார்கள். ஆனால் உடம்பு முழுக்க எடுத்த ஸ்கேனில் அந்தப் புள்ளியோடு சேர்ந்து நெஞ்சு நடுவில் இன்னும் மூன்று இடம் வெளிச்சமாகத் தெரிந்தது. எங்கள் உயிர் அந்த மூன்று இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோபம் வரும். வரட்டும். அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அவ புது வேலைல சேந்து இன்னும் நிம்மதியா ஒரு மூச்சு விடல, நீங்க ஒரு வார்த்தை சொன்னா பெட்டியத் தூக்கிட்டு ஓடி வந்துடுவா, சொன்னீங்கன்னா நான் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன் என்றாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான், உனக்குத் தெரியாதா. ஆபரேஷன் நாள் குறித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பார்க்கிற டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். பொறுமையான பெண். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது இல்லையா, அந்த மாதிரி நெஞ்சுக்குள்ளேயும் மூச்சுக்குழாயை ஒட்டிச் சின்னச் சின்ன நெறிக்கட்டிகள் எல்லோருக்கும் இருக்குமாம். நோய் பரவினாலும் அது வீங்கும், எப்போதோ வந்துபோன சளி காய்ச்சலுக்கும் வீங்கும், ஸ்கேனுக்கு நல்லது கெட்டது தெரியாது, பக்கத்தில் போய்ப் பார்த்து ஊசியால் கொஞ்சம் எடுத்தால்தான் தெரியும் என்றாள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை விடுவார்கள். அதன் நுனியில் கேமராவும் இருக்கிறது, வயிற்றில் குழந்தையைப் பார்ப்பார்களே அந்த அல்ட்ராசவுண்டும் இருக்கிறது. குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டி திரையில் தெரியும், பார்த்துக்கொண்டே ஊசியை விடலாம். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, வயித்துல புள்ளையப் பாக்கற மெஷினா, நெஞ்சுக்குள்ள விட்டீங்கன்னா அங்கயும் எம் பொண்ணுதான் டாக்டரம்மா தெரிவா என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன், வெளியே வந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் பஸ் ஓட்டினவன் என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற மாதிரியே விளக்கினாள். நோய் கிளம்பின இடம் வலது பக்கம். முதல் ஸ்டாப் அதை ஒட்டின கட்டி. இரண்டாவது, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற கவட்டைக்குக் கீழே. கடைசி ஸ்டாப் இடது பக்கம். முதல் ஸ்டாப்போட நின்னிருந்தா ஆபரேஷன் பண்ணிடலாம்ப்பா, நடுவுல இருந்தா மருந்து குடுத்துட்டு யோசிக்கலாம், இடது பக்கம் வந்துடுச்சுன்னா கத்தி வெக்க முடியாது, மருந்து மட்டும்தான் என்றாள். சரி, முதல் ஸ்டாப்பில் ஆரம்பிப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, எப்போதும் கடைசி ஸ்டாப்பில்தான் ஆரம்பிப்போம் என்றாள். நோய் இருக்கிற கட்டியில் போன ஊசி நல்ல கட்டிக்குப் போனால், இல்லாத இடத்திலும் இருக்கிற மாதிரி காட்டிவிடுமாம். எனக்கு அது ஏறவில்லை, அம்மாவுக்குப் பட்டென்று ஏறிவிட்டது. எச்சக் கரண்டிய அடுத்த அண்டாவுல விடக் கூடாது, அதானே என்றாள். அதேதாம்மா என்று டாக்டரம்மா தலையாட்டினாள். ஊசியில் வருவதைப் பக்கத்திலேயே மைக்ரோஸ்கோப் வைத்துக்கொண்டு ஒருவர் உடனுக்குடன் பார்த்துச் சொல்வாராம். இடது பக்கம் நோய் இல்லை என்றால் நடுவுக்கு வருவார்கள், பிறகு வலதுக்கு வருவார்கள், எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடது பக்கமே இருந்துவிட்டால் மற்ற இரண்டையும் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அங்கேயே முடித்துக்கொள்வார்கள். இதை அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

முதல் தடவை போனபோது நடந்த கூத்தைக் கேள். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது, வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் சாவியை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன் என்று கேன்டீனுக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். சாவி கொடுக்க இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தால் மகாராணி அண்டா அண்டாவாகக் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்னடி பண்ற என்று கத்தினேன். உப்புப் பாத்தேன், புதுசா வந்தவளுக்கு உப்பு நிதானம் தெரியாது, நூறு பேர் சாப்பிடற எடம் என்றாள். பருப்பு, காய், சூப்பு, ஒன்று விடவில்லை. ஏன்டி சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல என்றால், நான் எங்க சாப்பிட்டேன், ருசி பாக்கறது சாப்பிடறதா என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறாள். ஆயுசு முழுக்க அப்படித்தான் வாலு, நாள் பூராவும் ருசி பார்த்துவிட்டு இன்னும் நான் சாப்பிடவே இல்ல என்று வீட்டுக்கு வந்து உட்காருவாளே. பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கும் எதுவும் சாப்பிடல என்று அடித்துச் சொல்கிறாள், நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளிக் கிடைத்தது.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வர வேண்டாம். ராத்திரி அவள் மூச்சு விடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இந்த இரண்டு வாரத்தில்தான் அது அடுத்த ஸ்டாப்புக்குப் போகிறதோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வேன். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, அப்படி ரெண்டு வாரத்துல ஓடாதுப்பா, போயிருந்தா ஏற்கனவே போயிருக்கும் என்றாள். மனசு கேட்கிறதா. நடுவில் உன் மாமா வேறு வந்தான். தம்பியாயிற்றே, அக்காவுக்கு ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், ஊசி பட்டா பரவிடும்க்கா, தூங்கற புலிய ஏன் எழுப்பணும் என்று ஓதிவிட்டுப் போனான். அவள் நான் வரல என்று உட்கார்ந்துவிட்டாள். நான் கத்தினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன், கடைசியில் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அழுது அவள் பார்த்ததில்லை. சரி சரி வர்றேன், ஆம்பளை அழுதா பாக்கச் சகிக்கல, மூஞ்சியக் கழுவுங்க என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது தடவை போனோம். இந்த முறை நான் அவளைக் கேன்டீன் பக்கமே விடவில்லை, நேராக ஆஸ்பத்திரிதான். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, கையில் ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அந்தக் குளறுகிற நாக்கோடு, லேட்டானா நல்லது, ஞாபகம் இருக்கில்ல, சீக்கிரம் வரலன்னு கெடந்து தவிக்காதீங்க என்று எனக்கு தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். காத்திருக்கிற ஹாலில் இருக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவு எப்போது திறக்கும் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தன் மட்டும் திறக்காதே திறக்காதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்த காலம் பூராவும் வண்டி லேட்டாகக் கூடாது என்று உயிரை விட்டவன் நான். அன்றைக்கு, கடவுளே, லேட்டாகட்டும், சாயங்காலம் வரைக்கும் கூட ஆகட்டும், நான் பட்டினி கிடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் மெஷினில் டீ பிடித்து வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். அதை ஊதி ஒரு வாய் குடித்திருப்பேன்.

கதவு திறந்தது வாலு.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்திருக்கவில்லை. வேறு யாருக்கோ இருக்கும் என்று நினைத்தேன். இருமல் வந்து நிறுத்தியிருப்பார்கள், கரண்ட் போயிருக்கும், மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று என்னென்னவோ நினைத்தேன். டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்தாள் பார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கக் கட்டியில் இருக்குப்பா, ரெண்டு தடவை எடுத்துப் பாத்துட்டோம், முழு ரிப்போர்ட் வரட்டும், ஆனா ஆபரேஷன் இல்லைன்னுதான் நெனைக்கிறேன், மருந்து இருக்கு, இப்பல்லாம் நல்ல மருந்து இருக்கு, வருஷக்கணக்கா இருக்கறவங்க இருக்காங்க, கைய விட்டுட மாட்டோம் என்றாள். அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். வாய்தான் சொன்னது.

அம்மாவைக் கண்காணிப்பு அறையில் படுக்க வைத்திருந்தார்கள். இன்னும் முழுசாகத் தெளியவில்லை. உள்ளே போவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கண் விழித்ததும் அவள் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாள், தண்ணி கேட்க மாட்டாள், மணி என்ன என்றுதான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நடையிலேயே நின்று என் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருகி ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அறையில் கடிகாரம் கிடையாது. நான் நினைத்த மாதிரியே கண்ணைத் திறந்தாள், நாக்கு புரளாமல் மணி என்றாள். நான் கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்ப மூணும் பாத்துட்டாங்களா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணோரம் தண்ணீர் இறங்கி காதுக்குள் போனது. பொழச்சேன் என்று சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி நாக்கு வரும் சொல். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து. பொழுது நன்றாகச் சாயும் வரைக்கும் அவளைத் தூங்கு தூங்கு என்று படுக்க வைத்தேன், பஸ்ஸில் முன்னால் கடிகாரம் இருக்கும் என்று வாடகைக் கார் பிடித்தேன், வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் போய் முள்ளைத் திருப்பி வைத்தேன். அன்றைக்கு ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கட்டும், மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பொய் வளர்ந்துகொண்டே போகிறது.

இப்போது வீட்டில் நடப்பதைக் கேள். கேன்டீனில் லீவு சொல்லிவிட்டாள். புதுசாக வந்தவளைக் கூட்டி வைத்து உப்பு அளவு சொல்லிக் கொடுக்கிறாள். ஆபரேஷன் பண்ணினால் கையைத் தூக்கித் தலை வழியாக உடை மாட்ட முடியாதாம், அதனால் நைட்டிகளை எல்லாம் முன்பக்கம் வெட்டிப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நான் எழுதுகிற இடத்துக்குத் தையல் மெஷின் சத்தம் கேட்கிறது. பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழம நானே பாப்பாகிட்ட சொல்றேன், நல்ல சேதியோட சேத்துச் சொன்னா பயப்பட மாட்டா, நீங்க முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதீங்க என்று எனக்குக் கட்டளை. ஆக ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் வரும். அம்மா சிரித்துக்கொண்டே எல்லாம் சொல்வாள், மூன்று இடமும் பார்த்துவிட்டார்கள், ஆபரேஷன்தான், பயமில்லை என்பாள். அது நிஜம் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை, நான் அவளை அப்படி நம்ப வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முழு ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறாள். நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டு மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும். பட்டன் தைத்த நைட்டியைப் பையில் வைத்துக்கொண்டு இவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அதை நான் எப்படித் தாங்குவேன். மலைப்பாதையில் பிரேக் போன வண்டியைக் கூட நிறுத்தியிருக்கிறேன் வாலு, இதை நிறுத்தத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவளோடு சேர்ந்து சந்தோஷப்படுவதா, இல்லையென்றால் அது நிஜமில்லம்மா என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. நீ எது செய்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு நாளும் வராதே, வேலையைப் பார், இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் எழுதியும் பேசியும் வந்திருக்கிறேன். இந்த ஒரு தடவை அப்படி எழுத மாட்டேன். வந்துவிடு. புதன்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. வேலை போனால் போகட்டும், இன்னொன்று கிடைக்கும். அவளிடம் தனியாக இருந்து சொல்ல என்னால் முடியாது. அவளுக்கு ஒரு பக்கம் நீ உட்கார வேண்டும்.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல். அவரும் நீயும் நூறு வயசு இருக்க வேண்டும், உங்களுக்கு இப்படி ஒரு கதவுக்கு முன்னால் உட்காருகிற நாள் வரவே கூடாது. விமான நிலையத்துக்கு நீ ஓட்டாதே, அவரை ஓட்டச் சொல், அழுதுகொண்டு வண்டி ஓட்டக் கூடாது. இதற்குப் பதில் எதுவும் அனுப்பாதே, என் போனை அவளும் எடுப்பாள். வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் போதும், நான் திறக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா